வாவிக்கரையில் செய்த மஞ்சள் உப்பு

"இது செய்த சாமான் இல்லை. வாங்கின சாமான்."

பரீட்சகர் என் கண்ணாடிக் குழாயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னது இது. குழாயின் வாயை நாங்கள் நெருப்பில் உருக்கி மூடியிருந்தோம். உள்ளே ஒரு தேக்கரண்டி அளவு மஞ்சள் பளிங்குகள். அதற்காக நான் ஒன்றரை வருடம் செலவழித்திருந்தேன். அவர் அதை மேசையில் வைத்த விதம் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

நான் அப்போது முப்பத்தெட்டு வயதுப் பாடசாலை ஆசிரியை. களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பித்துவிட்டு, கற்கை விடுமுறை எடுத்துக்கொண்டு ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே நல்லவர்களும் இருந்தார்கள். அவர்களை இதற்குள் இழுக்க விருப்பமில்லை.

பாடசாலையில் காபோகற்றயனைப் பற்றி நான் எப்படிப் படிப்பித்தேன் என்றால், அது தாக்கத்தின் நடுவில் தோன்றி உடனே மறையும் ஒன்று என்றுதான். நேரேற்றம் ஏறிய காபன் அணு எதையாவது பிடித்துக்கொள்ளும் வரை சும்மா இருக்காது. அதைப் பிரித்தெடுத்துப் போத்தலில் வைக்க முடியாது. பத்து வருடம் இதையே சொல்லிக் கொடுத்தேன். பிறகுதான் வாசித்தேன், அது எப்போதும் உண்மையில்லை என்று. காபனைச் சுற்றி மூன்று பென்சீன் வளையங்கள் இருந்தால் அந்த ஏற்றத்தை அவை தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. மறையேற்றம் கொண்ட, எதனோடும் சண்டைக்குப் போகாத ஓர் அன்னயனையும் பக்கத்தில் இருத்திவிட்டால் அது உப்பாகவே படியும். அள்ளலாம், நிறுக்கலாம், போத்தலில் போட்டு மூடலாம். ஈரம் மட்டும் படக்கூடாது. ஒரு துளி தண்ணீர் போதும், நிறம் போய் வெறும் வெள்ளைத் தூளாகிவிடும்.

என் பிள்ளைகளுக்குப் பிழையாகச் சொல்லிவிட்டேனே என்ற கூச்சம் எனக்கு இருந்தது. அந்தக் கூச்சத்தில்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன். அந்த உப்பைக் கொண்டு வேறு சேர்வைகளிலிருந்து ஐதரைட்டை, அதாவது இலத்திரன் சோடியோடு ஓர் ஐதரசனை, பிடுங்கி, புதிய காபோகற்றயன் உப்புகளைச் செய்து பார்ப்பது என் திட்டம். ஆரம்ப உப்பை வெளிநாட்டிலிருந்து எடுப்பதாக எழுதியிருந்தேன். அந்த நேரம் பார்த்து நாட்டில் எரிபொருளும் இல்லை, மருந்தும் இல்லை, இறக்குமதியும் இல்லை என்றாகிவிட்டது. என் பட்டியல் திரும்பி வந்தது.

மேற்பார்வையாளர் சாந்தமான மனிதர். யாரோடும் குரலை உயர்த்த மாட்டார். "தலைப்பை மாத்துங்கோ, இல்லாட்டி கொஞ்சம் பொறுங்கோ" என்றார்.

அவருடைய அறையிலிருந்து வெளியே வந்து ஆய்வுகூடத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கே ஆய்வுகூட உத்தியோகத்தராக இருந்தவர் காத்தான்குடிக்காரர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் நான் அவரை நானா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். பட்டம் இல்லை. ஆனால் அந்தக் கூடத்தில் எந்தக் குழாய் எங்கே கசியும், எந்தத் தராசு மழைக்காலத்தில் பொய் சொல்லும் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"என்ன டீச்சர், முகம் செத்துக் கிடக்கு?"

சொன்னேன்.

"வாங்கேலாட்டி செய்வமே" என்றார், கழுவிய முகவையைத் துடைத்தபடி.

"எதை வைச்சு நானா?"

அவர் கீழ் அலுமாரியைத் திறந்தார். உள்ளே நூற்றுக்கணக்கான சிறிய கடித உறைகள். ஒவ்வொரு வருடமும் இளமாணிப் பட்டப்படிப்பு மாணவர்கள் செய்முறை வகுப்பில் மூபினைல் மெதனோலைச் செய்து, உறையில் போட்டு, பெயரும் நிறையும் எழுதிப் புள்ளிக்காகக் கொடுப்பார்கள். புள்ளி போட்டதும் யாரும் அதைத் தேட மாட்டார்கள். அவர் ஒன்றையும் எறியவில்லை. எங்களுக்கு வேண்டிய ஆரம்பப் பொருள் அதுதான். புளோரோபோரிக் அமிலம் ஒரு பிளாஸ்ரிக் போத்தலில் தொடப்படாமல் கிடந்தது. ஈரத்தை விழுங்கும் அசற்றிக் நீரிலி பூட்டிய அலுமாரிக்குள் இருந்தது. அதற்கு மேற்பார்வையாளரின் கையொப்பம் வேண்டும். அவர் போட்டுத் தந்தார். அதை நான் மறுக்க மாட்டேன்.

முதல் மூன்று முறையும் தோல்வி. மாரிகாலம். வாவி நிரம்பி வளவுக்குள் வந்திருந்தது, சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டியது. அமிலத்தைத் துளித்துளியாக விட்டதும் குடுவைக்குள் அழகான மஞ்சள் இறங்கும். வடிதாளில் ஊற்றிய அரை நிமிடத்துக்குள் ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கும். என் கண்முன்னே, ஒன்றும் செய்ய முடியாமல், தொடங்கிய அதே வெள்ளைத் தூளாகத் திரும்பிவிடும். மூன்றாவது முறை நான் வடிபுனலைக் கழுவுதொட்டிக்குள் போட்டுவிட்டு அழுதேன்.

"டீச்சர், மாரிக்க இதோட மல்லுக்கட்டேலா" என்றார் நானா. "கச்சான் எழும்பட்டும். கச்சானுக்க உடுப்புக் காயப்போட்டா கொடியில இருந்து கைய எடுக்க முந்திக் காஞ்சிரும். அந்தக் காத்துக்கு இது காயாதா?"

அது தென்மேற்குச் சோழகக் காலத்தில் மேற்கே மலைகளைத் தாண்டி இறங்கி வரும் காற்று. ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு எங்களிடம் வெறும் சூட்டோடு வரும். உதடு வெடிக்கும், வாவிக்கரைச் சேறு பாளம் பாளமாகப் பிளக்கும். எல்லோரும் திட்டுகிற காற்று.

அதற்காகக் காத்திருந்தோம். இடைப்பட்ட மாதங்களில் மாணவர்களின் உறைகளைப் பிரித்து, எல்லாவற்றையும் கரைத்துத் திரும்பப் பளிங்காக்கித் தூய்மைப்படுத்தினேன். நானா தடித்த பொலித்தீனில் ஒரு பை ஒட்டினார். இரண்டு பக்கமும் கைகளை உள்ளே விட இறப்பர்க் கையுறைகள், ஒரு மூலையில் ஈரத்தை உறிஞ்சக் கல்சியங்குளோரைட்டு நிரப்பிய குழாய். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இதற்கென்று இயந்திரப் பெட்டி வைத்திருக்கிறார்கள். எங்களுடையது பாய் விற்கிற கடையில் வாங்கிய பொலித்தீன். குளிர வைக்க ஐஸ் வேண்டும். மீன் லொறியிலிருந்து உடைத்த ஐஸ் எடுத்து வந்தோம். ஆய்வுகூடம் முழுக்கக் கணவாய் மீன் மணம்.

கச்சான் எழும்பிய நான்காம் நாள், முற்பகல் பதினொரு மணியளவில் செய்தோம். மஞ்சள் இறங்கியது. பைக்குள் வைத்து வடித்தோம். உலர்ந்த ஈதரால் கழுவினோம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளுக்கவில்லை. ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம். வெளுக்கவேயில்லை.

"மாஷா அல்லாஹ்" என்றார் நானா, மிக மெதுவாக.

அந்த வாரமே அடுத்த படியையும் செய்தோம். அந்த மஞ்சள் கரைசலுக்குள் ஏழு காபன் வளையமுள்ள ஒரு திரவத்தை விட்டேன். மஞ்சள் மங்கி மங்கி இல்லாமல் போய், வெள்ளைப் பளிங்குகள் பொலபொலவென்று இறங்கின. ஐதரைட்டு இடம் மாறிவிட்டது. புதிய உப்பும் ஒரு காபோகற்றயன்தான். ஆனால் இது தண்ணீரிலும் கெடாமல் கரையும். தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், அது அப்படியே நின்றது. பத்து வருடம் முடியாது என்று படிப்பித்த ஒன்றைத் தண்ணீர் விட்ட சோதனைக் குழாயிலேயே கையில் பிடித்திருந்தேன்.

மாதிரிகளை உருக்கி மூடி, வேறு நகரத்தில் கருவி உள்ள இடத்துக்கு பஸ்சில் அனுப்பினோம். நிறமாலை துப்பரவாக வந்தது. ஆய்வேட்டை எழுதினேன். நன்றியுரையில் நானாவின் பெயரை ஒரு வரியில் எழுதினேன். ஒரு வரி மட்டும் எழுதியதற்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம்.

வாய்மொழிப் பரீட்சைக்கு வெளியிலிருந்து வந்த பரீட்சகர் பெரிய பெயர். குளிரூட்டிய அறை. மேசையின் ஒரு பக்கத்தில் அவர், பக்கத்தில் என் மேற்பார்வையாளர், இன்னும் இரண்டு பேர். அவர் என் நிறமாலைத் தாள்களைப் புரட்டிவிட்டு, நான் முதலில் சொன்ன அந்த வசனத்தைச் சொன்னார்.

"சேர், நாங்கள்தான் செய்தது" என்றேன்.

"எங்க வைச்சு?"

"இங்கதான்."

"வாவிக்கரையில? இந்த ஈரத்தில? பொலித்தீன் பையில?" அவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "நான் வெளிநாட்டில இருந்தபோது எவ்வளவோ வசதியோட செய்தும் இவ்வளவு துப்பரவா வரேல்ல. எங்கேயோ ஒரு பழைய போத்தல் இருந்திருக்கு. அதை எடுத்துக் குழாயில அடைச்சிருக்கினம். நீங்கள் செய்தீங்களோ, உங்கட ஆள் செய்தாரோ, எனக்குத் தெரியாது." பிறகு நன்றியுரைப் பக்கத்தைத் திறந்து நானாவின் பெயரில் விரலை வைத்தார். "இவர் யார்? பட்டதாரியா?"

நான் மேற்பார்வையாளரைப் பார்த்தேன். நீரிலிக்குக் கையொப்பம் போட்டவர் அவர். மாரியில் தோற்ற குறிப்புகளையெல்லாம் வாசித்தவர் அவர். அவர் தன் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தார். ஒரு சொல் பேசவில்லை.

முடிவு: பொருள் எங்கிருந்து வந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை, அந்த அத்தியாயத்தை நீக்கி மீண்டும் சமர்ப்பிக்கலாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு இரசாயனவியல் தெரியாது. ஆனால் விஷயத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார்.

"அப்ப உன்னக் கள்ளி எண்டு சொல்லிப்போட்டாங்க."

"அப்படி வெளிப்படையாச் சொல்லல்லம்மா."

"வேற என்னத்தச் சொன்னவங்க? வெச்சிருந்த சாமான எடுத்துப் பேரு வெச்சிருக்கிற எண்டா அதுக்கு வேற பேரு இரிக்கா?"

இல்லை. வேறு பெயர் இல்லை.

மறுநாள் நானாவிடம் சொன்னேன். வடிபுனல் ஒன்றை எடுத்து, ஏற்கெனவே கழுவியிருந்ததைத் திரும்பக் கழுவினார்.

"டீச்சர், என்ட பேர வெட்டி விடுங்க" என்றார். "என்ட பேராலதான் அவருக்குச் சந்தேகம். நீங்க தனியச் செஞ்ச எண்டா நம்புவார். உங்கட பட்டம் என்னால நிக்கக் கூடா."

அதுவரை நான் வேதனையில் இருந்தேன். அந்த நிமிடத்தில்தான் வேதனை கோபமாக மாறியது. செய்தவன் தன் பெயரை வெட்டச் சொல்கிறான். செய்யாதவன் விரலை வைத்துக் கேட்கிறான், இவர் யார் என்று.

மேற்பார்வையாளர் என்னை அழைத்து ஆறுதலாகப் பேசினார். "சின்னத் திருத்தம்தானே. அந்த ஒரு அத்தியாயத்தை எடுத்தால் பட்டம் வந்துவிடும். ஏன் வீணாக?"

"சேர், அதை எடுத்தா நான் களவெடுத்தது உண்மை எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி."

"அப்படி யாரும் நினைக்க மாட்டார்கள்."

"நீங்க அண்டைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா யாருமே நினைச்சிருக்க மாட்டினம்."

அவர் முகம் சிவந்தது. அதற்கு மேல் அவர் தடுக்கவில்லை.

நான் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். பரீட்சகர் வரட்டும். ஆரம்பப் பொருளை அவரே கொண்டுவரட்டும். அவர் கண்முன்னே செய்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை, கச்சான் காலத்தில் வர வேண்டும். பதில் வந்தது: உண்மையான பரிசோதனை என்றால் எந்தக் காலத்திலும் செய்ய முடிய வேண்டும். நான் திரும்ப எழுதினேன். குளிர்ந்த நாட்டில் குளிர்ந்த நாளைத் தெரிவு செய்தால் அது திட்டமிடல், வாவிக்கரையில் உலர்ந்த நாளைத் தெரிவு செய்தால் அது தந்திரமா? இந்த வசனத்தை மேற்பார்வையாளர் வெட்டச் சொன்னார். நான் வெட்டவில்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு ஒரு நாளைக் குறித்தார்கள்.

பரீட்சகர் வந்தார். நல்ல கச்சான். வாசலில் நின்ற பூவரசு நாள் முழுக்க இலை உதிர்த்துக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்து தன்னுடைய ஆரம்பப் பொருளையும் அமிலத்தையும் நீரிலியையும் எடுத்து வைத்தார். அதை நான்தான் கேட்டிருந்தேன். அதில் எனக்கு மனக்குறை இல்லை. பிறகு அலுமாரிகளைத் திறக்கச் சொன்னார். திறந்தோம். இழுப்பறைகளைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டேன். பிறகு நானாவைப் பார்த்து, "அந்தக் கோட்டைக் கழட்டி வெளியில கொளுவிப்போட்டு வாங்கோ" என்றார்.

நானாவின் ஆய்வுகூடக் கோட்டில் இரண்டு பெரிய பைகள் இருந்தன. அதுதான் காரணம். அறையில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது. நானா பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

நான் என் கோட்டையும் கழற்றி, மேசையில் பரீட்சகருக்கு முன்னால் வைத்தேன்.

"இதையும் தேடுங்க சேர்."

"உங்களுடையது தேவையில்லை."

"ஏன் தேவையில்ல?"

நான் காத்திருந்தேன். நன்றாகக் காத்திருந்தேன். காற்று யன்னலை அடித்துக்கொண்டிருந்தது. அப்போது, பின்னால் இருந்த மேற்பார்வையாளர் எழுந்து வந்து, நானா கழற்றிய கோட்டை எடுத்து அவரிடமே கொடுத்தார். "அமிலத்தோட வேலை செய்யிறவர். கோட்டோட நிக்கட்டும் சேர்" என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கேட்டது அந்த ஒரு வசனம்தான், பல மாதம் பிந்தி.

தொடங்கினோம். மின்சாரம் நின்றது, விசிறியும் நின்றது. பரீட்சகர் வியர்வையைத் துடைத்தபடி பக்கத்தில் நின்றார். ஐஸுக்குள் குடுவை, துளித்துளியாக அமிலம். மஞ்சள் இறங்கியது. பொலித்தீன் பைக்குள் கைகளை விட்டு வடிக்கத் தொடங்கினேன். மின்சாரம் இல்லாததால் கைப்பம்பியால் நானா உறிஞ்சிக்கொண்டிருந்தார். பளிங்குகள் வடிதாளில் பொன்போலக் கிடந்தபோது பரீட்சகர் குனிந்து, பையின் மூலையைத் தூக்கக் கையை நீட்டினார்.

"கை வெக்காதீங்க சேர்" என்றார் நானா, பம்பியை விடாமல். "உங்கட கை வேர்வையே காணும், இத அழிக்க."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

உலர்ந்ததும் மூன்று குழாய்களில் அடைத்து உருக்கி மூடினோம். மிஞ்சிய சில பளிங்குகளை ஒரு கண்ணாடித் தட்டில் எடுத்து, அவர் முன்னால் ஒரு துளி தண்ணீர் விட்டேன். மஞ்சள் செத்து வெள்ளையானது. எங்கள் ஈரத்தில் ஒரு பழைய போத்தலில் கிடந்திருந்தால் அது எப்போதோ செத்திருக்கும். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "சரி. உங்களுக்கு இண்டைக்கு அதிர்ஷ்டம்" என்றார்.

ஒரு குழாயில் தன் கையொப்பமிட்ட தாள்துண்டை ஒட்டி எடுத்துக்கொண்டு போனார். எனக்குக் கை கொடுத்தார். நானாவுக்குக் கொடுக்கவில்லை.

அறிக்கை வந்தது. பரீட்சகரின் மேற்பார்வையில் பரிசோதனை திருப்திகரமாக மீளச் செய்யப்பட்டது என்று இருந்தது. மன்னிக்கவும் என்ற சொல்லை இரண்டு பக்கத்திலும் தேடினேன். முன்னர் எழுதப்பட்ட ஐயம் பிழையானது என்றுகூட ஒரு வரி இல்லை. பட்டம் கிடைத்தது.

இறுதிப் பிரதியில் நன்றியுரையை மாற்றினேன். செய்முறை அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே, இந்தப் பையை வடிவமைத்தவர், காலத்தைத் தெரிவு செய்தவர், என்னோடு சேர்ந்து செய்தவர் இவர் என்று நானாவின் பெயரை எழுதினேன். மேற்பார்வையாளர் தயங்கினார். "இது வழக்கமில்லை."

"சந்தேகப்பட மட்டும் அவர்ட பேர் வழக்கமா சேர்?"

அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். "அந்தப் பரீட்சகர் எனக்குப் படிப்பிச்சவர்" என்றார் கடைசியில். "அவர் முன்னால எனக்கு வாய் வராது. அது சாட்டு இல்லை. நடந்ததைச் சொல்லுறன்." கையொப்பமிட்டார். எனக்கு அவர் நிலை விளங்கியது. ஆனாலும் அந்தப் பேனா மூடியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். போன வருடம் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். அதே பரீட்சகர் மேடையில் பேசினார். வசதி குறைந்த ஆய்வுகூடங்களிலும் உயர்ந்த ஆராய்ச்சி முடியும் என்பது தலைப்பு. திரையில் ஒரு படம் வந்தது: பொலித்தீன் பை, கையுறைக்குள் இரண்டு கைகள், நடுவில் மஞ்சள் உப்பு. அன்றைக்கு அவர் தன் தொலைபேசியில் எடுத்தது. "கிழக்குக் கரையில், இப்படி ஓர் எளிய பையை வைத்தே நாங்கள் இந்த உப்பைச் செய்து காட்டினோம்" என்றார். சபை கைதட்டியது.

நான் எழும்பினேன். ஒலிவாங்கி என்னிடம் வரவில்லை. அது இல்லாமலே பேசினேன். முப்பது பிள்ளைகளுக்குக் கேட்கப் படிப்பிக்கிற தொண்டை எனக்கு.

"அந்தக் கையுறைக்குள்ள இருக்கிறது என்ட கை, சேர். பை ஒட்டினவர்ட பேர் ஆய்வேட்டில இருக்கு. நீங்கள் அண்டைக்கு அவரைக் கோட்டைக் கழட்டச் சொன்னீங்கள். என்னை, வாங்கின சாமானுக்குப் பேர் வைச்சவள் எண்டு சொன்னீங்கள். அதையும் இவைக்குச் சொல்லுங்கோ."

தலைமை தாங்கியவர் கடிகாரத்தைப் பார்த்து, நேரம் போதாது, கேள்விகளைத் தேநீர் வேளையில் கேட்கலாம் என்றார். தேநீர் வேளையில் பரீட்சகரைக் காணவில்லை. இரண்டு இளம் விரிவுரையாளர்கள் மட்டும் என்னிடம் வந்து பையின் அளவைக் கேட்டார்கள். அதைச் செய்தவரிடம் கேளுங்கள் என்று நானாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

பின்னேரம் அவருக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன்.

"எல்லாருக்கும் முன்னால எழும்பிச் சொன்னீங்களா?" என்றார்.

"ஓம் நானா."

"கோட்டுக் கதையையுமா?"

"அதையும்தான்."

"நல்லம் டீச்சர்" என்றார். பிறகு, நாளைக்குச் செய்முறை வகுப்பு இருக்கிறது, கரைசல் கலக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

கருத்தரங்கின் தொகுப்பு நூல் வெளிவந்தபோது அந்த "நாங்கள்" அப்படியே அச்சாகியிருந்தது. திருத்தம் கேட்டுப் பதிப்பாசிரியர்களுக்கு எழுதினேன். பதில் இல்லை. இரண்டாவது கடிதத்தை இந்தக் கிழமை எழுதி முடித்திருக்கிறேன். ஆய்வேட்டின் அந்தப் பக்கத்தையும் பிரதியெடுத்து இணைத்திருக்கிறேன். திங்கட்கிழமை புளியந்தீவுக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போடுவேன்.